ஓட்டு இடுக்கில் வந்த சூரியன்

தரையில் விழுந்து கிடக்கும் வெயில் பொட்டின் மேல் உள்ளங்கையை வைத்தால் முதலில் ஒன்றும் தெரியாது. மனசுக்குள் இருபது எண்ணுவதற்குள், பொரித்து ஒரு நாளான கோழிக்குஞ்சைப் பொத்திப் பிடித்ததுபோல் கையின் நடுவில் மட்டும் ஓர் இளஞ்சூடு பரவும். எங்கள் வீட்டு உள்ளறையில் அப்படி ஐந்தாறு பொட்டுகள் உண்டு. மேலே நாட்டு ஓடு. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே உள்ள இடுக்குகளின் வழியே மதியத்துக்கு மேல் வெயில் கம்பி கம்பியாக இறங்கும். எதிர்வரிசையில் ஓடிய விசைத்தறிகளிலிருந்து பறந்து வந்த பஞ்சுத்தூசி அந்தக் கம்பிகளுக்குள் மெதுவாக ஏறும், இறங்கும். தறிச் சத்தத்தில் தெருவே அதிர்ந்துகொண்டிருப்பதால், சிவப்புச் சிமெண்டுத் தரையில் பொட்டுகளும் சன்னமாக நடுங்கிக்கொண்டிருப்பதாக எனக்குத் தோன்றும்.

சங்கரன்கோவிலில் நான் நாலாம் வகுப்புப் படித்த வருஷம் அது. அப்பா சிவகிரி போகும் ஒரு தனியார் பேருந்தில் கண்டக்டர். விடியுமுன் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். எனக்குக் கீழே ஒரு தம்பி பிறந்து, ஒரு முழு நாள்கூட இல்லாமல் போய்விட்டான். அதற்கு மூன்று வருஷம் கழித்து அம்மா மறுபடி உண்டானாள். பொங்கல் முடிந்ததும், அப்பாவின் அக்கா புளியங்குடியிலிருந்து ஒரு சாக்கு எலுமிச்சம்பழத்தோடு வந்து இறங்கினாள். "இந்தத் தடவை நான் பக்கத்துலயே இருந்து பாத்துக்கிடுதேன், ஒரு குறையும் வராது" என்று சொல்லிவிட்டு, அன்று முதல் அம்மாவை ஒரு குடம் தூக்க விடவில்லை. வாசலில் தனியாக நிற்க விடவில்லை. அத்தைக்கு உலகம் முழுக்கச் "செய்யக் கூடாதது"களால் ஆனது. அது கண்டிப்பு அல்ல, அந்தத் தம்பியைத் துணியில் சுற்றி எடுத்துப் போன அன்று அவள் கையில்தான் அவன் இருந்தான் என்பது எனக்கு வெகுகாலம் கழித்தே விளங்கியது.

எனக்குக் கூட்டாளி என்றால் ஸ்டெல்லா ஒருத்திதான். மூன்று வீடு தள்ளி அவர்கள் வீடு. அவள் அப்பா கடைத்தெருவில் நோட்டுப் புத்தகக் கடை வைத்திருந்தார். ஸ்டெல்லாவுக்கு எதையும் நம்பும் சுபாவம் கிடையாது. எங்கள் அறிவியல் புத்தகத்தில் ஒவ்வொரு பாடத்தின் கடைசியிலும் "செய்து பார்" என்று ஒரு கட்டம் போட்டிருக்கும். வகுப்பில் அதையும் கேள்வி பதில்போல மனப்பாடம் செய்து ஒப்பித்துவிட்டால் போதும். "ஏட்டி, செய்து பார்னுதான போட்டிருக்கு, சொல்லிப் பார்னா போட்டிருக்கு?" என்று ஸ்டெல்லா கேட்டாள். அப்படித்தான் ஆரம்பித்தது.

கண்ணாடித் தம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி, மேலே ஓர் அட்டையை வைத்து, அட்டையைக் கையால் தாங்கிக்கொண்டு கவிழ்த்துவிட்டுக் கையை எடுத்தோம். முதல் மூன்று தடவை பாவாடை நனைந்தது. நாலாம் தடவை தண்ணீர் அப்படியே நின்றது. கீழே ஒன்றுமில்லை, ஓர் அட்டை மட்டும்; தண்ணீர் தலைகீழாக நிற்கிறது. புத்தகத்தில் "காற்றின் அழுத்தம்" என்று இரண்டு வார்த்தையில் எழுதிவிட்டார்கள். எங்களுக்கோ, கண்ணுக்குத் தெரியாத யாரோ ஒருவர் அட்டைக்குக் கீழே கையை வைத்துத் தாங்குகிறார் என்று உடம்பு சிலிர்த்தது. பிறகு ஒரு பாட்டிலில் கரிசல் மண்ணும் செம்மண்ணும் ஓடை மணலும் போட்டுக் குலுக்கி வைத்தோம். மணல் அடியில் போய் உட்கார்ந்தது. அதன் மேல் செம்மண். கரிசல் மட்டும் இரண்டு நாளாகியும் இறங்காமல் தண்ணீரைக் கருப்பாக்கிக்கொண்டு கிடந்தது. "இது பிடிவாதக்கார மண்ணு" என்றாள் ஸ்டெல்லா. ஊரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை கிடக்கும் மண்ணெல்லாம் என்றோ ஒரு நாள் இப்படித் தண்ணீரிலிருந்து மெதுவாக இறங்கிப் படிந்ததாக இருக்குமோ என்று நினைத்தபோது எனக்குக் கால் கூசியது.

அதற்கப்புறம் ஊசித்துளைக் காமிரா. பால்பவுடர் டின்னின் அடியில் ஆணியால் ஒரு துளை. திறந்த பக்கத்தில் எண்ணெய் தடவிய காகிதம். போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு டின்னைத் தெருப்பக்கம் நீட்டினேன். காகிதத்தில் எங்கள் தெரு இருந்தது. வானம் கீழே, தரை மேலே. ஒரு சைக்கிள்காரர் தலைகீழாக, கலர் சட்டையோடு, விழாமல் போய்க்கொண்டிருந்தார். நான் மூச்சு விடாமல் பார்த்ததில் காகிதம் முகத்தில் ஒட்டிக்கொண்டது. அவ்வளவு பெரிய தெரு அந்த ஆணித்துளையில் எப்படி நுழைந்தது என்ற கேள்விக்கு இன்றைக்கு எனக்குப் பதில் தெரியும். ஆனால் அந்தப் பதில் அந்த வியப்பைக் கொஞ்சமும் குறைக்கவில்லை.

இந்தக் காமிராதான் எங்களை உள்ளறைப் பொட்டுகளிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஓட்டு இடுக்குகள் கோணல்மாணலாக, கீறலாக, முக்கோணமாக இருக்கின்றன. பொட்டுகள் மட்டும் ஏன் ஒன்றுபோல உருண்டையாக இருக்கின்றன? தரையில் சாய்வாக விழும்போது முட்டைபோல் நீண்டிருக்கும். சிலேட்டைச் சாய்த்து வெயில் கம்பிக்கு நேராகப் பிடித்தால் சரியான வட்டமாகிவிடும். அப்பாவின் பழைய டிக்கெட் புத்தக அட்டையில் பிளேடால் சின்னதாக ஒரு முக்கோணத் துளை வெட்டினோம். முற்றத்தில் தரைக்குப் பக்கத்தில் பிடித்தால் வெளிச்சம் முக்கோணமாக விழுந்தது. ஸ்டெல்லா துவைக்கிற கல்லின் மேல் ஏறி நின்று கையைத் தூக்கி உயரே பிடித்தாள். முக்கோணத்தின் மூலைகள் கரைந்து, எங்கள் கண் முன்னாலேயே அது வட்டமானது.

ஸ்டெல்லா கல்லிலிருந்து இறங்கி அட்டையை என் கையில் கொடுத்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"கோமதி, டின்னுல தெரு தெரிஞ்சுதுல்லா? அது மாதிரிதான் இதுவும். இது வெயில் இல்லட்டி. இது சூரியன். சூரியனோட படம்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. வந்தாலும், வேண்டாம் என்று இருந்தது. அம்மா கால் வைத்து நடக்கிற தரையில், நான் உட்கார்ந்து சோறு தின்கிற இடத்தில், ஐந்தாறு சூரியன்கள் கிடக்கின்றன என்றால் எப்படி? "அப்படின்னா நிரூபி" என்றேன். அவளால் முடியவில்லை. சூரியன் எப்போதும் வட்டம்தானே. வேறு மாதிரி இருந்தால் அல்லவா தெரியும்?

நிரூபிக்க முடியாத கோபத்தில் அவள் பொட்டுகளை வேவு பார்க்கத் தொடங்கினாள். லீவு நாட்களில், கூடத்துக் கடிகாரத்தில் அரை மணிக்கு ஒரு முறை மணி அடிக்கும்போதெல்லாம், பொட்டு இருக்கும் இடத்தில் கரித்துண்டால் ஒரு கோடு போட்டோம். நிலைப்படிக்குப் பக்கத்தில் இரண்டு மணி. அரிசி டின் பக்கம் மூன்று. கிழக்குச் சுவர் ஓரம் நாலு. உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் நகர்வது கண்ணுக்குத் தெரியும். "பூமி சுத்துதுன்னு படிச்சோம்லா, பாத்துக்க" என்று ஸ்டெல்லா தரையைத் தட்டினாள். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் நாங்கள் போட்ட கோடுகள் போட்ட இடத்திலேயே இருக்க, பொட்டு ஒரு சாண் தெற்கே தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. குரங்கு ஏறி ஓட்டை நகர்த்திவிட்டது என்றே முதலில் நினைத்தோம். எல்லாப் பொட்டும் ஒரே சாண் தள்ளியிருந்ததைக் கண்டபோதுதான் நகர்ந்தது ஓடு இல்லை என்று புரிந்து, இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அம்மா எங்கள் கரிக்கோடுகளைத் திட்டவில்லை. தரை துடைக்கும்போது அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுத் துடைத்தாள்.

இப்படி இருக்கும்போதுதான், எண்பதாம் வருஷம் மாசி பிறந்த சில நாட்களில், ஒரு சனிக்கிழமை பகலில் சூரிய கிரகணம் என்ற செய்தி வந்தது. ஒரு வாரமாக ஊரில் வேறு பேச்சே இல்லை. வானொலியில் நேராகப் பார்க்காதீர்கள் என்றார்கள். அத்தைக்கு வானொலி சொல்லித் தெரியவேண்டியதில்லை. அம்மாவுக்கு அப்போது ஏழு மாதம்.

"கிரகணத்து வெளிச்சம் ஒரு பொட்டு வயித்துல பட்டாலும் பிள்ளைக்கு உதடு பிளந்துரும். எங்க ஊர்ல கண்ணால பாத்திருக்கேன்" என்றாள் அத்தை. "புடிச்சதுல இருந்து விடுத வரைக்கும் அசையாம மல்லாக்கப் படுத்துக் கிடக்கணும். புரளக் கூடாது, சொறியக் கூடாது, எந்திரிக்கக் கூடாது."

அம்மா தலையை ஆட்டினாள். தம்பி போனபோதும் யாரோ, எதையோ நீ செய்ததால்தான் என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

அன்று மதியம் ஒரு மணிக்கே சாப்பாடு முடிந்து, மிச்சத்தில் தர்ப்பைப்புல் கிள்ளிப் போட்டாயிற்று. அத்தை கதவைச் சாத்தினாள். ஜன்னலை இரட்டைச் சாக்கால் அடைத்தாள். உள்ளறையில் எது ரொம்ப இருட்டான மூலை என்று பார்த்து, கிழக்குச் சுவர் ஓரமாகப் பாயை விரித்து அம்மாவைப் படுக்க வைத்தாள். அது எங்கள் நாலு மணிக் கோடு. இப்போது மணி இரண்டேகால். பொட்டுகள் நிலைப்படியைத் தாண்டி வந்துகொண்டிருந்தன. அவை எங்கே போகும், எத்தனை மணிக்குப் போகும் என்று அந்த வீட்டில் என் ஒருத்திக்குத்தான் தெரியும்.

ஸ்டெல்லா சொன்னது பொய்யாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். பொட்டு வட்டமாகவே இருந்தால் அது வெறும் வெயில்; அது அம்மா மேல் விழுந்தாலும் ஒன்றும் இல்லை. சிலேட்டை எடுத்துக்கொண்டு பெரிய பொட்டின் அருகில் போய் உட்கார்ந்து, வெயில் கம்பிக்கு நேராகப் பிடித்தேன். எலுமிச்சை வில்லை அளவில் வெள்ளை வெளேரென்று வட்டம். கொஞ்ச நேரம் அப்படியேதான் இருந்தது. பிறகு அதன் ஓரத்தில் ஒரு சின்ன இடம் சப்பையானது. என் கண்தான் என்று நினைத்துக் கண்ணைக் கசக்கினேன். சப்பை பள்ளமானது. பக்கத்துப் பொட்டைப் பார்த்தேன்; அதிலும் அதே ஓரத்தில் அதே பள்ளம். எல்லாப் பொட்டிலும். எறும்பு அரித்ததுபோல் ஒரே சமயத்தில், ஒரே பக்கத்தில், எல்லாவற்றையும் ஏதோ ஒன்று தின்றுகொண்டிருந்தது.

அது சூரியன்தான். ஸ்டெல்லா சொன்னது சரி. ஊரே கதவைச் சாத்திக்கொண்டு எதைப் பார்க்கக் கூடாது என்று உட்கார்ந்திருந்ததோ, அது எங்கள் வீட்டு ஓட்டு இடுக்கில் இறங்கி என் சிலேட்டில் வந்து உட்கார்ந்திருந்தது. பயமா சந்தோஷமா என்று எனக்குத் தெரியவில்லை.

தறிகள் நின்றிருந்தன. அவ்வளவு அமைதியாக எங்கள் தெருவை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. பகல் மெதுவாக மங்கிற்று. அது சாயங்காலத்து மங்கல் இல்லை. வெயில் இருக்கிறது, அதன் சத்து மட்டும் போய்விட்டது. காகங்கள் கூட்டமாகக் கத்திவிட்டு ஓய்ந்தன. மூன்று மணி அடித்தபோது பொட்டுகள் அரைவட்டமாகிவிட்டன. மூன்றரைக்குப் பிறகு ஐந்தாறு பிறைகள் அரிசி டின்னைத் தாண்டிக் கிழக்கே ஊர்ந்துகொண்டிருந்தன. அவற்றில் பெரியது, நாங்கள் கோடு போட்டு வந்த அதே பொட்டு, நேராக அம்மாவின் வயிற்றை நோக்கி.

அத்தையிடம் சொன்னால் அம்மாவை எழுப்பி நகர்த்துவாள். ஆனால் எழுந்திருக்கவும் கூடாது என்றுதானே சொல்லியிருக்கிறாள்? சொல்லாவிட்டால் பிறை வயிற்றில் விழும். எனக்கு ஒரு வழிதான் தெரிந்தது. பாயின் ஓரத்தில் முழங்காலிட்டு, வெயில் கம்பி வரும் வழியில் சிலேட்டை நீட்டிப் பிடித்துக்கொண்டேன்.

சுவரில் சாய்ந்து கண்ணை மூடி ஜபித்துக்கொண்டிருந்த அத்தை ஒரு முறை விழித்துப் பார்த்தாள். அவளுக்குக் கண்ணாடி இல்லாமல் ஓரடிக்கு மேல் எல்லாம் மசமசப்புதான்.

"ஏட்டி, என்ன செய்யுத அங்கன?"

"அம்மா மேல வெயில் படுது அத்தை. மறைக்கேன்."

"நல்லா மறை மக்கா. என் ராசாத்தில்லா" என்றாள். மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

சிலேட்டு கனமில்லை. ஆனால் நீட்டிய கையில் கால் மணி நேரம் இருந்தால் அம்மிக்கல்லாகிவிடும். கை மாற்றினேன். மறுபடி மாற்றினேன். தோள்பட்டை எரிந்தது. கடைசியில் ஒரு தடவை கை தானாகவே தாழ்ந்துவிட்டது. சிலேட்டு என் மடியில் இறங்கியது. பிறை அம்மாவின் வயிற்றில் விழுந்தது.

ஊதா நிறச் சேலை. அதன் மேல் வெள்ளிக் கெண்டைபோல அந்தப் பிறை, கூரிய இரண்டு முனைகளோடு, அசையாமல். இல்லை, அசைந்தது. அம்மா மூச்சு விட, வயிறு மேலே ஏற, பிறையும் ஏறியது; இறங்க, இறங்கியது. அப்போது உள்ளேயிருந்து குழந்தை உதைத்திருக்கவேண்டும். சேலைக்குக் கீழே ஒரு சிறு மேடு எழும்பி அந்தப் பிறையை ஒரு பக்கமாக வளைத்துவிட்டு அடங்கிற்று.

நான் உடனே மறைத்திருக்கவேண்டும். மறைக்கவில்லை. எண்ணிச் சொல்ல முடியாத நேரம், வாயைத் திறந்தபடி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவ்வளவு அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை. கை வலி மறந்துபோனது. உதடு பிளக்கும் என்பதும் மறந்துபோனது. மறுபடி நினைவு வந்தபோது சிலேட்டை அள்ளி எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பிறை கொழுத்து, அரைவட்டமாகி, மெதுவாக வட்டமாகிச் சுவரில் ஏறும் வரை விடவில்லை. கிரகணம் விட்ட பிறகு அத்தை எல்லோருக்கும் தலையில் தண்ணீர் ஊற்றினாள். நான் அழுததைத் தண்ணீர் மறைத்துவிட்டது.

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. தவறிப்போய்ப் பட்டிருந்தால் பரவாயில்லை, நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்க ஆசைப்பட்டுத்தான் விட்டேன். நாலைந்து நாள் கழித்து ஸ்டெல்லாவிடம் மட்டும் சொன்னேன். அவளும் அன்று சாத்திய கதவின் சந்து வழியாக அவர்கள் வீட்டு வேப்பமரத்தடியைப் பார்த்திருக்கிறாள். இலைகளுக்கு நடுவே விழுந்த வெளிச்சமெல்லாம் பிறை பிறையாக, நூற்றுக்கணக்கில், தரை முழுக்கக் கிடந்ததாம். நான் அழுவதைப் பார்த்துவிட்டுச் சட்டென்று எழுந்தாள்.

"எங்க வெள்ளாடு சினையாத்தானட்டி இருக்கு? அன்னைக்கு முழுக்க அந்த மரத்தடியிலதான் கட்டிக் கிடந்துச்சு. அது மேல எத்தனை விழுந்திருக்கும்! இன்னும் ஒரு மாசத்துல ஈனிரும். குட்டி வாயைப் பாப்போம். அதுக்கப்புறம் அழு."

புத்தகத்தில் இல்லாத ஒரு "செய்து பார்". தினமும் பள்ளி விட்டதும் அந்த ஆட்டின் முன்னால் போய் உட்கார்ந்துகொள்வேன். அது என்னைப் பார்த்தபடி அசை போடும். பங்குனியில் ஒரு நாள் ஸ்டெல்லா மூச்சிரைக்க ஓடி வந்தாள். இரண்டு குட்டிகள், ஈரம் காயாமல் கிடந்தன. ஒவ்வொன்றின் வாயையும் அவள் விரலால் விரித்துக் காட்ட, நான் குனிந்து பார்த்தேன். ரோஜா நிறத்தில், முழு உதடுகள்.

பாதிப் பயம் அன்று போனது. மீதிப் பாதி, ஆடு வேறு மனுஷி வேறு என்று சொல்லிக்கொண்டே சித்திரை வரை கூடவே இருந்தது. சித்திரையில் ஆஸ்பத்திரியில் தங்கை பிறந்தாள். அத்தை துணியை விலக்கிக் காட்டியபோது நான் கண்ணையோ மூக்கையோ பார்க்கவில்லை. வாயை மட்டும் பார்த்தேன். அவள் அந்த வாயை முழுசாகத் திறந்து அழுதாள். அதை விட இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

குழந்தையின் உதடு மூன்றாம் மாதம் முடிவதற்குள்ளேயே கூடிவிடுகிறது என்று வளர்ந்த பிறகு படித்தேன். அப்படியானால் ஏழாம் மாதத்தில் நான் பட்ட பயத்துக்கும் அர்த்தமில்லை; எங்கள் ஆட்டுச் சோதனையும் தப்பு. ஸ்டெல்லாவுக்குக் கடிதம் எழுதினேன். அவள் அப்போது தூத்துக்குடியில் செவிலியருக்குப் படித்துக்கொண்டிருந்தாள். "ஆனாலும் நீ சாப்பிட ஆரம்பிச்சேல்லா" என்று பதில் எழுதியிருந்தாள்.

அந்த வீடு இப்போது இல்லை. தங்கை கல்லூரியில் சேர்ந்த வருஷம் ஓட்டைப் பிரித்துக் காங்கிரீட் போட்டோம். பிரித்த அன்று நான் திருநெல்வேலியிலிருந்து போயிருந்தேன். ஆட்கள் ஓடுகளை ஒவ்வொன்றாகக் கை மாற்றி இறக்க இறக்க, எப்போதும் இருட்டாகவே இருந்த அந்த அறைக்குள் வெயில் அப்படியே கொட்டியது. பொட்டுகள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து காணாமல் போயின. அம்மா நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு வருஷமாக மனசில் வைத்திருந்ததை அன்றுதான் அவளிடம் சொன்னேன்: சிலேட்டு தாழ்ந்ததையும், நான் உடனே எடுக்காததையும்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கிழக்குச் சுவர் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள். "நான் தூங்கலையே. வயித்து மேல நிலா மாதிரி கிடந்துச்சு. பிள்ளை ஒரு எத்து எத்துச்சு, அது மேல. எனக்கும் பயம்தான், உங்க அத்தை அவ்ளோ சொல்லியிருக்கால்லா. கையை வச்சு மறைச்சிருக்கலாம்."

"ஏம்மா மறைக்கல?"

அம்மாவுக்கு வெட்கம் வந்துவிட்டது. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நீ பாத்துக்கிட்டிருந்தே" என்றாள். "நானும் இன்னும் கொஞ்ச நேரம் பாத்துக்கிடுதேன்னு இருந்துட்டேன்."